தற்கால இந்திய ஓவியமும் அதனைப் பேணினோரும்

ஒரு நாட்டின் கலை வரலாற்றை எழுதப் புகுவோர் ஓவியரின் பெயரையும் ஓவியத்தின் பெயரையும் தவறாது குறிப்பர். அவ்வோவியத்தைப் பொருள் கொடுத்து வாங்கி, ஈரத்துக்கும் கரையானுக்கும் இரையாகாது காத்து, அடுத்த தலைமுறையின் கண்ணுக்கு எட்டச் செய்தவரின் பெயரையோ பெரும்பாலும் குறிப்பதில்லை. ஆயின், இன்று இந்திய ஓவிய மரபு என்று பேசப்படுவது, தீட்டப்பட்ட ஓவியங்கள் அனைத்தையும் அன்று, எஞ்சிய ஓவியங்களையே. எஞ்சியவை எவை என்பதைத் தீர்மானித்தோர் அவற்றைச் சேகரித்தோரே. ஆதலின், தற்கால இந்திய ஓவியத்தின் போக்குகளை ஆராயுமிடத்து, அதனை ஆக்கியோரையும் பேணினோரையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பொருத்தமாகும்.

இவ்வுண்மையை விளக்க, கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்களின் (1877–1947) வாழ்க்கையே தக்க சான்று. அவர் வட இந்தியாவிற் பலமுறை பயணஞ்செய்து, இராசபுத்திர ஓவியங்களையும் பிற கலைப்பொருள்களையும் திரட்டினார். அந்நாளில் அவ்வோவியங்களின் அருமையை அறிந்தோர் மிகச் சிலரே. முகலாய ஓவியத்தினின்றும் வேறானதொரு மரபு அங்கு உண்டென்பதை 1916இல் வெளியான தம் பெருநூலால் அவர் உலகுக்குக் காட்டினார். தாம் திரட்டியவற்றை ஒரு தேசிய நூதனசாலைக்கு வழங்கவும் முன்வந்தார். அதற்கு இடமும் கட்டிடமும் அமைத்துத் தருவாரையே வேண்டினார். அவ்வாறு அமைப்பார் எவரும் முன்வந்திலர். 1917இல் அத்தொகுதி அமெரிக்காவின் பொஸ்தன் நகர நுண்கலை நூதனசாலையை அடைந்தது. அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றுக் குமாரசுவாமி அவர்களும் அந்நகர் சென்று, தம் இறுதிக் காலம் வரை அங்கேயே பணிபுரிந்தார். இராசபுத்திர ஓவியத்தை ஆராய விரும்பும் இந்திய மாணவன் இன்றும் அந்நகரை நாட வேண்டியவனாகவே உள்ளான்.

பழைய முறை

முற்காலத்தில் ஓவியத்தை ‘வாங்குதல்’ என்ற வழக்கே அரிது; ஓவியனைப் பேணுதலே வழக்காயிருந்தது. முகலாய அரசரின் அரண்மனைகளில் ஓவியச்சாலைகள் இருந்தன. ஒரே படத்தில் வரைவோர் ஒருவரும் வண்ணந்தீட்டுவோர் மற்றொருவருமாகப் பலர் கூடித் தொழில்புரிந்தனர். பல ஓவியர் கூடித் தீட்டிய படத்திலும் எம்முகம் எவர் கைவண்ணமெனத் தம்மாற் கூற இயலுமென்று சகாங்கீர் தம் வரலாற்றுக் குறிப்பிற் பெருமிதத்துடன் எழுதினார். பேணுவோன் சுவைஞனாகவும் இருந்தான் என்பதற்கு இது சான்று.

அரண்மனைக்கு வெளியே வேறொரு முறை நிலவியது. கல்கத்தாவிலுள்ள காளிகட்டக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பட்டுவர் எனப்படும் ஓவியர் மலிவான தாளில் விரைந்து படங்கள் தீட்டி யாத்திரிகருக்கு விற்றனர். தெய்வ வடிவங்களோடு, நகரத்து நாகரிகப் பித்தரை எள்ளும் படங்களையும் வரைந்தனர். வாங்கியோர் அவற்றைச் சுவரில் ஒட்டி வைத்து, பழுதானபின் அகற்றிவிட்டனர். எனவே வங்காளத்தில் அவை அருகிப்போயின. இந்தியாவிற் கலைப்பள்ளி ஆசிரியராயிருந்த லொக்வூட் கிப்ளிங் என்பார் திரட்டிய ஒரு பெருந்தொகுதியை அவருடைய மைந்தரும் எழுத்தாளருமாகிய றட்யார்ட் கிப்ளிங் இலண்டன் நூதனசாலைக்கு வழங்கினார். அதுவும் 1917ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்தது. குமாரசுவாமி அவர்களின் தொகுதி கடல் கடந்த அதே ஆண்டில், ஏழை ஓவியரின் படங்களும் அந்நிய நாட்டு நூதனசாலையிற் புகலடைந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

இரவிவர்மாவும் அச்சுப்படமும்

தற்கால ஓவியத்தின் வாயிலில் நிற்பவர் கிளிமானூர் இரவிவர்மா (1848–1906). திருவாங்கூர் அரசரின் ஆதரவில் வளர்ந்த அவர், ஐரோப்பியரின் எண்ணெய்வண்ண முறையைக் கைக்கொண்டு புராண மாந்தரைத் தீட்டினார். 1873இல் வியன்னாக் கண்காட்சியிற் பரிசு பெற்றார். பரோடா மன்னருக்கென அவர் தீட்டிய இதிகாச ஓவியங்கள் அரண்மனையை அடையுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றைக் காணத் திரண்ட மக்களின் ஆர்வமே ஒரு புதிய எண்ணத்துக்கு வித்திட்டது. 1894இல் பம்பாய்க்கு அண்மையில் அவர் அச்சகமொன்றை நிறுவி, தம் ஓவியங்களை வண்ணப் படங்களாக அச்சிட்டு வெளியிட்டார்.

இதன் விளைவு பெரிது. அரசன் ஒருவன் மட்டும் காணத்தக்கதாயிருந்த இலக்குமியும் சரசுவதியும் எளிய இல்லங்களின் பூசையறைக்கு வந்தனர். மூல ஓவியத்தை மன்னர் வைத்திருந்தனர். அதன் படியை மக்கள் வைத்திருந்தனர். இவ்வாறு ஓவியம் இருவேறு வாழ்க்கை வாழத் தொடங்கியது. இரவிவர்மாவின் கலையை நாடகத்தன்மை மிக்கதென்றும், ஐரோப்பியச் சாயல் கொண்டதென்றும் பின்வந்தோர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும், ஓவியம் என்பது செல்வர்க்கே உரியது என்ற நிலையை உடைத்தவருள் அவரும் ஒருவர் என்பதை மறுத்தற்கியலாது.

வங்காளத்து மறுமலர்ச்சி

இரவிவர்மாவின் நெறிக்கு மாறான இயக்கம் கல்கத்தாவில் எழுந்தது. அங்குள்ள அரசினர் கலைப்பள்ளியின் தலைவராக 1896இல் பொறுப்பேற்ற ஹவெல் என்னும் ஆங்கிலேயர், பள்ளிக் காட்சிச்சாலையிலிருந்த ஐரோப்பிய ஓவியப் படிகளை அகற்றி, முகலாய ஓவியங்களையும் பிற இந்தியக் கலைப்பொருள்களையும் வாங்கி வைத்தார். மாணவர் இதனை எதிர்த்தனர். உள்நாட்டுப் பத்திரிகைகளும் கண்டித்தன. இந்தியர்க்கு உயர்கலை கற்பிக்க விரும்பாத சூழ்ச்சியென அவர்கள் ஐயுற்றனர். அந்நிய நாட்டார் ஒருவர் இந்திய ஓவியத்தைச் சுட்டிக்காட்ட, இந்திய மாணவர் ஐரோப்பிய ஓவியத்துக்காகப் போராடிய இந்நிகழ்ச்சி, அடிமை நாட்டில் சுவையும் எவ்வாறு அடிமைப்படும் என்பதை விளக்கும்.

ஹவெலின் துணையுடன் அவனீந்திரநாத தாகூர் (1871–1951) பழைய ஓவியங்களைப் பயின்று, மென்மையான நீர்வண்ணங்களில் ஒரு புதுநெறி கண்டார். 1905இல் அவர் தீட்டிய ‘பாரத மாதா’ சுதேசி இயக்கத்தின் உணர்ச்சியோடு ஒன்றியது. அவர் மாணாக்கர் நந்தலால் போஸ் (1882–1966) சாந்திநிகேதனத்தில் 1919இல் நிறுவப்பட்ட கலாபவனத்தை வளர்த்தார். 1938இல் ஹரிபுரா காங்கிரசு மகாநாட்டுக்கென அவர் தீட்டிய படங்களில் உழவரும் தச்சரும் இசைவாணரும் இடம்பெற்றனர். அவை எவருடைய வீட்டுக்கும் உரியனவாக அன்றி, மகாநாட்டுப் பந்தலுக்கு வரும் பொதுமக்களுக்கென்றே ஆக்கப்பட்டன. இந்திய அரசியலமைப்பின் மூலப்பிரதியை அணிசெய்த ஓவியங்களும் அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கியனவே.

யாமினி ராய் (1887–1972) மேலுமொரு படி சென்றார். ஐரோப்பிய முறையில் உருவப்படம் தீட்டும் தொழிலைக் கைவிட்டு, காளிகட்டப் படங்களின் தடித்த கோட்டையும் மண்ணினின்று பெறும் வண்ணங்களையும் கைக்கொண்டார். ஒரே படத்தைப் பலமுறை தீட்டிக் குறைந்த விலைக்கு விற்றார். நடுத்தரக் குடும்பத்தார் தம் வரவேற்பறையில் மூல ஓவியமொன்றைத் தொங்கவிடுதல் இவரால் இயல்வதாயிற்று. ஆயின் இப்பெருந்தன்மையே பிற்காலத்திற் பெருந்தொல்லைக்கும் வழிவகுத்தது. படிகள் பல உளவாயின் போலிகள் நுழைதல் எளிது. யாமினி ராயின் பெயரால் விற்கப்படும் போலிகள் இன்று கலைச்சந்தையில் மிகுதி.

வாங்குவோரின்றி வாடிய கலைஞர்

அமிர்தா ஷேர்கில் (1913–1941) புடாபெஸ்ட் நகரிற் பிறந்து, பாரிசிற் பயின்று, இந்தியா திரும்பியவர். அசந்தா ஓவியங்களையும் தென்னாட்டு மக்களையும் கண்டபின் அவர் தூரிகை புதுவலி பெற்றது. 1937இல் அவர் தீட்டிய மணமகளின் ஒப்பனை, பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னாட்டார் ஆகிய மூன்று ஓவியங்களும் தற்கால இந்திய ஓவியத்தின் திருப்புமுனையென மதிக்கப்படுகின்றன. ஐதராபாத், மைசூர் முதலிய சமஸ்தானங்களில் தம் ஓவியங்களை விற்க அவர் எடுத்த முயற்சிகளோ பயன்தரவில்லை. இருபத்தெட்டாம் வயதில் இலாகூரில் அவர் மறைந்தபோது, அவருடைய ஓவியங்களிற் பெரும்பகுதி குடும்பத்தாரிடமே இருந்தது. கணவரும் தந்தையும் அவற்றை நாட்டுக்கு வழங்கினர். 1954இல் புதுதில்லியில் ஜெய்ப்பூர் மாளிகையில் திறக்கப்பட்ட தேசிய நவீன கலைக்கூடத்துக்கு அவையே அடித்தளமாயின. அதே 1937ஆம் ஆண்டில் அவர் தீட்டிய ‘கதை சொல்வோர்’ என்னும் ஓவியம் 2023இல் நடந்த ஏலத்தில் ஏறத்தாழ 61 கோடியே 80 இலட்சம் ரூபாவுக்கு விலைபோயிற்று. எண்பத்தாறு ஆண்டுகளில் ஓவியம் மாறவில்லை, காண்போரே மாறினர்.

பம்பாயும் சென்னையும்

சுதந்திரம் கிடைத்த 1947ஆம் ஆண்டிலேயே பம்பாயில் முற்போக்குக் கலைஞர் குழு தோன்றியது. சூசா, ராசா, ஹுசேன், ஆரா, காடே, பாக்ரே ஆகிய அறுவரும் அதன் முதல் உறுப்பினர். வங்காள நெறியின் மென்மையையும், கலைப்பள்ளிகளின் வறட்டு முறையையும் ஒருங்கே வெறுத்த இவர்கள், ஐரோப்பியப் புத்தோவியத்தின் வலிமையை இந்திய வாழ்க்கையுடன் இணைக்க முயன்றனர். இவர்களுட் பெரும்பாலோர் வறியர். ஹுசேன் திரைப்பட விளம்பரப் பலகைகள் தீட்டிப் பிழைத்தவர். ஆரா வீட்டுவேலை செய்து வளர்ந்தவர்.

இவர்களை முதலில் ஆதரித்தோர் இந்தியச் செல்வர் அல்லர். நாசிக் கொடுமைக்கு அஞ்சி ஐரோப்பாவினின்றும் வெளியேறிப் பம்பாயிற் குடிபுகுந்த லங்காமர், வொன் லெய்டன், சிலெசிங்கர் என்னும் மூவரே ஆவர். ஒருவர் கற்பித்தார், ஒருவர் பத்திரிகையிற் பாராட்டி எழுதினார், ஒருவர் வாங்கினார். தம் நாட்டிற் கலை எரிக்கப்படுவதைக் கண்டவர், புகுந்த நாட்டில் கலை பிறப்பதை இனங்கண்டு கொண்டனர். பின்னர், அணுவிஞ்ஞானி ஹோமி பாபா தாம் தலைமை தாங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தின் சுவர்களுக்கென இவ்வோவியரின் படைப்புக்களை ஆண்டுதோறும் வாங்கினார். அவரும் ஓவியம் தீட்டவல்லவர். விஞ்ஞானக்கூடம் கலைக்கூடமாகவும் விளங்கிய இவ்வழக்கு பிற நிறுவனங்களுக்கும் வழிகாட்டியது. எயர் இந்தியா விமானக் கம்பனி பல்லாண்டுகளாகத் திரட்டிய பெருந்தொகுதி, அக்கம்பனி தனியாருக்கு விற்கப்பட்டபின், 2023இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைப்படி தேசிய நவீன கலைக்கூடத்துக்கு உரியதாயிற்று.

சென்னையின் கதை வேறானது. அங்கு கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரீனாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்தவர். அவருக்குப்பின் 1957இல் தலைவரான கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977), எழுத்து, எண், சோதிடக் கட்டம் ஆகியவற்றையே ஓவியத்தின் உறுப்பாக்கி ‘சொல்லும் குறியும்’ என்னும் வரிசையைத் தீட்டினார். ஆயின் சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு. பள்ளியை விட்டு வெளியேறும் திறமைமிக்க மாணவர் எழுதுவினைஞராகப் போய்விடுவதைப் பணிக்கர் கண்டார். அதற்கு அவர் கண்ட பரிகாரம் புதுமையானது. ஓவியர் ஒன்றுகூடி மெழுகுச் சாயத்துணி முதலிய கைவினைப்பொருள்கள் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் தோன்றியது. வாங்குவோனை எதிர்நோக்கி நில்லாது, கை ஒன்று தொழில்செய்ய மற்றைக் கை ஓவியந்தீட்டும் இவ்வேற்பாடு, புரவலரில்லாத நாட்டிற் கலைஞர் தம்மைத் தாமே புரந்துகொண்ட முயற்சியாகும்.

சுவரினின்று தாளுக்கு

நகர ஓவியரைப் பற்றி மட்டும் பேசுதல் முழுமையாகாது. பீகாரின் மிதிலைப் பகுதியிற் பெண்கள் திருமணக் காலத்தில் வீட்டுச் சுவரில் தாமரையும் மூங்கிலும் தெய்வ வடிவங்களும் எழுதுவது தொன்றுதொட்ட வழக்கம். 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தபோது, சேதம் பார்க்கச் சென்ற ஆர்ச்சர் என்னும் அதிகாரி, வெளியாடவர் காணாத உட்சுவரோவியங்களைக் கண்டு வியந்தார். 1960களின் பிற்பகுதியில் அங்கு வறட்சி ஏற்பட்டது. நிவாரண முயற்சியாக அப்பெண்களிடம் தாள் வழங்கப்பட்டது. சுவரில் எழுதியது தாளில் வந்தது. தாளில் வந்தது தில்லிக் கடைக்கும் சென்றது.

இதனால் விளைந்த நன்மை வெளிப்படை. சீதாதேவி, கங்காதேவி போன்றோர் தம் பெயராலேயே அறியப்பட்டனர். குடும்பங்கள் பசி நீங்கின. ஆயின் வேறொன்றும் நிகழ்ந்தது. சுவரோவியம் சடங்கு முடிந்ததும் மங்கி மறைவது. அடுத்த மணத்துக்கு மீண்டும் எழுதப்படுவது. தாளோவியம் மறைவதில்லை, வாங்குவோன் விருப்பத்துக்கேற்ப அளவும் பொருளும் கொள்வது. மரபு காக்கப்பட்டதா, மாற்றப்பட்டதா என்ற வினாவுக்கு இரண்டும் என்பதே நேர்மையான விடை.

மத்தியப் பிரதேசத்துக் கோண்டு இளைஞர் ஜங்கர் சிங் சியாமின் வரலாறு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. போபாலில் 1982இல் திறக்கப்பட்ட பாரத பவனத்தில், ஓவியர் சுவாமிநாதன் நகரக் கலையையும் பழங்குடிக் கலையையும் அருகருகே வைத்தார். ஒன்று பழமை, மற்றது புதுமை என்ற பிரிவினையை அவர் ஏற்கவில்லை. இரண்டும் சமகாலத்தன என்றே கொண்டார். அவ்வாறு அழைத்து வரப்பட்ட ஜங்கர், தம் குலத்துப் பாணர் பாடிய தெய்வங்களைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் வரைந்து, 1989இல் பாரிசுக் கண்காட்சியிலும் இடம்பெற்றார். 2001இல், ஜப்பானிய நூதனசாலையொன்றில் ஓவியந்தீட்டிக் கொண்டிருந்த காலத்தில், அங்கேயே அகாலத்தில் உயிர்நீத்தார். அவர் தோற்றுவித்த நெறியை இன்று அவர் உறவினரும் ஊராரும் பின்பற்றுகின்றனர். கலைப்பொருளைப் பேணுதல் கலைஞனைப் பேணுதலாகாது என்பதை அவர் முடிவு நினைவூட்டுகின்றது.

விலையும் மதிப்பும்

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ஓவியத்தின் விலை திடீரென உயர்ந்தது. தயேப் மேத்தாவின் (1925–2009) ‘கொண்டாட்டம்’ 2002இல் நியூயோர்க்கில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாவுக்கு ஏலம் போயிற்று. 2005இல் அவருடைய ‘மகிடாசுரன்’ பதினைந்து இலட்சம் டொலரைத் தாண்டியது. செய்தித்தாள்கள் வியந்தன, ஓவியத்தைக் கண்டறியாதோரும் வாங்க முற்பட்டனர். நிலத்தையும் பொன்னையும் போல ஓவியமும் முதலீடாயிற்று. 2008இல் உலகப் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது அவ்விலைகளும் சரிந்தன. சுவையின்றி வாங்கியோர் இழந்தனர். சுவைத்து வாங்கியோரின் சுவரில் ஓவியம் முன்போலவே இருந்தது.

விலையேற்றத்தாற் கலைஞன் பெறுவது யாது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஓவியன் முதலிற் சில நூறு ரூபாவுக்கு விற்றதைப் பின்வந்தோர் கோடிக்கு விற்பர். இக்குறையை நீக்க, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1994இல் திருத்தப்பட்டு, பத்தாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட மறுவிற்பனையில் மூல ஓவியருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பங்குண்டு என்றும், அப்பங்கு நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்றும் விதிக்கப்பட்டது. நல்ல விதியே; ஆயின் அது பெரும்பாலும் ஏட்டளவில் நிற்பதாயிற்று.

மற்றொரு சட்டம் வலிமையுடன் இயங்குவது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது. அன்றியும், இரவிவர்மா, தாகூர் குடும்பத்தார் மூவர், நந்தலால் போஸ், யாமினி ராய், அமிர்தா ஷேர்கில் முதலிய ஒன்பதின்மரின் படைப்புக்கள் தேசியக் கருவூலமெனச் சாற்றப்பட்டு, அவையும் வெளிச்செல்லத் தடைசெய்யப்பட்டன. குமாரசுவாமி அவர்களின் தொகுதிக்கு நேர்ந்தது இனி நேராதிருக்க இது அரண். ஆயின் கடல்கடத்தலைத் தடுத்தால் மட்டும் போதுமோ? பொதுமக்கள் காணமுடியாத பெட்டகத்துட் பூட்டப்பட்ட ஓவியம் தில்லியில் இருந்தாலென், பொஸ்தனில் இருந்தாலென்? பூட்டிய பெட்டகத்தினும் திறந்த நூதனசாலை மேலன்றோ?

இவ்வினாவுக்கு அண்மைக்காலம் தந்த விடை தனியார் நூதனசாலைகளாகும். 2010இல் தில்லிப் பகுதியில் தொடங்கிய கிரண் நாடார் கலைக்கூடமும், 2023இல் பெங்களூரில் திறந்த கலை, நிழற்பட நூதனசாலையும் தனியார் தொகுதிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டன. 2012 முதல் கொச்சியில் நடைபெற்றுவரும் ஈராண்டுக் கலைவிழா, பழைய பண்டகசாலைகளிற் புதிய கலையை வைத்து, மீனவரும் மாணவரும் வந்து காணச் செய்தது. ஆயினும், ஒருவர் செல்வத்தால் திறந்த கதவு அவர் செல்வத்தோடு மூடாதிருத்தற்கு வழி தேடப்படவேண்டும்.

ஹுசேனின் ‘கிராம யாத்திரை’ இவையனைத்தையும் ஒரே கதையில் அடக்குகின்றது. 1954இல் தீட்டிய அவ்வோவியத்தில் உழவர் வாழ்வைக் காட்டும் பதின்மூன்று காட்சிகள் உள்ளன. அவ்வாண்டிலேயே தில்லியிற் பணியாற்றிய வெளிநாட்டு மருத்துவரொருவர் அதனை வாங்கிச் சென்று, பின்னர் நோர்வேயின் ஓஸ்லோ நகர மருத்துவமனைக்கு விட்டுச்சென்றார். பல்லாண்டுகள் அது மருத்துவமனைச் சுவரிற் பெரிதும் அறியப்படாது இருந்தது. இதற்கிடையில் ஹுசேன், தம் ஓவியங்கள் சிலவற்றால் எழுந்த எதிர்ப்பின் காரணமாக நாட்டை விட்டகன்று, 2011இல் இலண்டனில் மறைந்தார். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவ்வோவியம் நியூயோர்க்கில் ஒரு கோடியே முப்பத்தேழரை இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டு, தற்கால இந்திய ஓவியம் அதுவரை ஏலத்திற் பெறாத விலையைப் பெற்றது. ஓவியனுக்கு அவ்விலையிற் பயனில்லை. நாடு அவனை இறுதிக்காலத்தில் தன்னகத்தே வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆயின் ஒரு மருத்துவர் அதனை விரும்பி வாங்கி, நோயாளருள்ள இல்லத்துக்குக் கொடுத்தமையால் அது பழுதின்றிப் பிழைத்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியக்கிடப்பன சில. மரபு என்பது தானே நிலைப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் அதனைத் தேர்ந்து பேணுவதால் நிலைப்பது. தேர்வதற்குக் கண் வேண்டும். பேணுவதற்குப் பொருளும் பொறுமையும் வேண்டும். பொருள் செல்வரிடமே உண்டு. கண்ணோ எவரும் பயின்று பெறத்தக்கது.

ஆதலின், கலையைக் காக்கும் கடமை கோடி கொடுத்து ஏலங்கேட்போர்க்கே உரியதென்று கருதலாகாது. ஊர்க் கோயிலின் சுவரோவியம் வெள்ளையடிக்கப்படும்போது தடுத்துக் கேட்பவனும், பாட்டனார் பேழையிற் கிடக்கும் பழம்படத்தின் பின்புறத்தில் அதனைத் தீட்டியவர் பெயரையும் ஆண்டையும் எழுதி வைப்பவனும், அறியப்படாத இளம் ஓவியனிடம் சிறுவிலைக்கு ஒரு படம் வாங்குபவனும் சேகரிப்போரே. குமாரசுவாமி அவர்கள் வேண்டிய இடத்தையும் கட்டிடத்தையும் கொடுக்க அன்று எவரும் முன்வராதது பொருளின்மையாலன்று. அவர் கையிலிருந்த சிறு தாள்களின் அருமையைக் காணும் கண் அன்று பலரிடம் இல்லை. அக்கண்ணை இளமையிலேயே திறந்துவிடுதல் கல்விச்சாலைகளின் பணியாகும்.